ஊசியில் எது உசத்தி?

சித்திரை மாதத்தில் ஒரு மத்தியானம். அடுப்படி வேலையை முடித்துவிட்டு அக்கடா என்று கூடத்தில் சாய்ந்தேன். அக்கா பெண் வந்து நின்றாள். அந்த வெயிலிலும் முழுக்கை ரவிக்கை! கையில் நாலாக மடித்த ஒரு காகிதம்.

"சித்தி, நாளைக்கு ஸ்கின் டாக்டர்கிட்ட போறேன். நீயும் கூட வாயேன். இந்த ஊசிதான் வேணும்னு கேட்கப் போறேன்."

அவளுக்குக் கல்யாணத்துக்கு முன்பே சொரியாசிஸ் உண்டு. முதலில் முழங்கையில் சிவந்த தடிப்பும் அதன் மேல் வெள்ளைச் செதிலுமாக இருந்தது. இப்போது முதுகு, தலை என்று பரவிவிட்டது. இது ஒட்டுவாரொட்டி இல்லை. நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே தடம் மாறி நம் தோலைத் தாக்குவதால் வருவது. புகுந்த வீட்டில் யாரும் அவளை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் அவளுடைய துண்டு மட்டும் தனிக் கொடியில் காயும். அதுதான் அவளுக்கு வேதனை.

அவள் கணவரின் சிநேகிதர் ஒருவருக்கு ஏதோ ஊசி போட்டு, சில மாதத்தில் தோல் சுத்தமாகிவிட்டதாம். அந்தப் பெயர்தான் காகிதத்தில் இருந்தது: செகுகினுமாப்.

டாக்டரம்மா காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு மேஜை மேல் வைத்தார். "நல்ல மருந்துதான். ஆனா நான் கேட்கிறதுக்கு முதல்ல பதில் சொல்லும்மா. குழந்தை பெத்துக்கிற யோசனை இருக்கா? வீட்டில யாருக்காவது டி.பி. வந்திருக்கா? காலையில எழுந்ததும் விரல் மூட்டு விறைச்சுப் போகுதா? வயித்துப்போக்கு, குடல் உபாதை உண்டா?"

குழந்தைக்காக ஆசையோடு காத்திருப்பதைச் சொன்னாள். மாமனார் இரண்டு வருஷம் முன்பு டி.பி.க்கு மருந்து சாப்பிட்டதைச் சொன்னாள். விரல் விஷயம் கேட்டதும் அவளுக்கே ஆச்சரியம். "காலையில தோசை மாவு கரைக்க முடியலை டாக்டர். அரை மணி போனாத்தான் விரல் மடங்குது. வேலை ஜாஸ்தின்னு நினைச்சேன்."

சொரியாசிஸ் உள்ள நூறு பேரில் முப்பது பேர் வரை மூட்டையும் இந்த நோய் பிடிக்குமாம். கவனிக்காமல் விட்டால் மூட்டு நிரந்தரமாகக் கெட்டுவிடும். அதனால் தோலை மட்டும் பார்த்து ஊசியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்றார்.

"உடம்புக்குள்ள 'நெருப்பு, நெருப்பு'ன்னு பொய்ச் சேதி ஓடிக்கிட்டே இருக்கு. ஒவ்வொரு வகை ஊசியும் ஒவ்வொரு சேதியைத் தடுக்கும். எல்லாமே உயிருள்ள செல்களில் தயாரிக்கிற புரதம். விழுங்கினா பருப்பு மாதிரி வயித்திலேயே செரிச்சுப் போகும். அதான் ஊசி" என்றார் டாக்டரம்மா. அவர் விளக்கியதை அங்கேயே குறித்துக்கொண்டேன்.

முதல் வகை, டி.என்.எஃப். என்ற சேதியைத் தடுப்பது. அடாலிமுமாப், எடனர்செப்ட், இன்ஃப்ளிக்ஸிமாப் எல்லாம் இதில் சேரும். 1998 முதல் புழக்கத்தில் உள்ள குடும்பம். மூட்டுக்கு நல்லது. கர்ப்பிணிகள் விஷயத்தில் டாக்டர்களுக்கு அதிக அனுபவம் இருப்பதும் இதில்தான். குறை என்னவென்றால், உடம்பில் உறங்கும் டி.பி. கிருமியை எழுப்பிவிடக்கூடும்.

இரண்டாவது, ஐ.எல்.17 வகை. சிநேகிதர் போட்டுக்கொண்ட செகுகினுமாப் இதுதான். தோல் சீக்கிரம் தெளியும், மூட்டுக்கும் நல்லது. டி.பி. பயம் குறைவு. ஆனால் வாயில், பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரலாம். கிரோன்ஸ் என்ற குடல் நோய் உள்ளவர்களுக்கு அதை அதிகப்படுத்தலாம்.

மூன்றாவது, ஐ.எல்.23 வகை. குசெல்குமாப், ரிசான்கிசுமாப் போன்றவை. இதிலும் டி.பி. பயம் குறைவு. அடாலிமுமாப் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, செகுகினுமாப் மாதம் ஒரு முறை என்றால், குசெல்குமாப் ஆரம்ப ஊசிகளுக்குப் பிறகு 8 வாரத்துக்கு ஒரு முறை, ரிசான்கிசுமாப் 12 வாரத்துக்கு ஒரு முறை போதும்.

"இதுல எது உசத்தி டாக்டர்?" என்று நானே கேட்டுவிட்டேன்.

அவர் சிரித்தார். 2019-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில் குசெல்குமாபையும் செகுகினுமாபையும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கொடுத்து ஒப்பிட்டார்களாம். 48-வது வாரத்தில் தோல் 90 சதவீதமாவது தெளிந்தவர்கள் முதல் மருந்தில் நூற்றுக்கு 84 பேர், இரண்டாவதில் 70 பேர். 2020-ல் வெளியான இன்னொன்றில் செகுகினுமாபையும் அடாலிமுமாபையும் மூட்டுவலிக்கு ஒப்பிட்டபோது, மூட்டைப் பொறுத்தவரை பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

"ஒரு கணக்கில ஜெயிக்கிறது இன்னொரு கணக்கில ஜெயிக்கணும்னு இல்லை. 'எது உசத்தி'ங்கிறதை விட, 'இந்த உடம்புக்கு இப்ப எது'ன்னு கேளுங்க."

டி.பி. பரிசோதனை செய்தார்கள். எக்ஸ்ரே சுத்தம், இருமல், காய்ச்சல் இல்லை, ஆனால் ரத்தப் பரிசோதனையில் உறங்கும் கிருமி இருப்பது தெரிந்தது. குழந்தை ஆசை, மூட்டுவலி இரண்டையும் எண்ணி, டாக்டரம்மா அடாலிமுமாப் என்று முடிவு செய்தார். முதலில் டி.பி. தடுப்பு மாத்திரை, ஒரு மாதமாவது அதைச் சாப்பிட்ட பிறகே ஊசி, ஊசி தொடங்கினாலும் மாத்திரையைப் பாதியில் விடக் கூடாது. 2014-லேயே நம் நாட்டில் இதே போன்ற மருந்தைத் தயாரித்து விற்க ஆரம்பித்துவிட்டதால் அசலைவிடக் குறைந்த விலையில் கிடைக்கிறது.

"இது குணமாக்கிடுமா டாக்டர்?" என்றாள் பெண். "அடக்கி வைக்கும்மா. நாமளா நிறுத்தினா திரும்பி வரும். விட்டு விட்டுப் போட்டா உடம்பு மருந்தையே எதிர்க்கப் பழகிடும்."

இளம் சகோதரிகளுக்காக நான் குறித்துக்கொண்ட இன்னும் சில:

மெதோட்ரெக்ஸேட் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கர்ப்பத்துக்கு முன்பே டாக்டரிடம் சொல்லி நிறுத்த வேண்டும். அசிட்ரெடின் என்றால் நிறுத்தி 3 வருஷம் வரை கருத்தரிக்கக் கூடாது.

இந்த ஊசி மருந்துகளில் பெரும்பாலானவை கர்ப்பத்தின் பிற்பகுதியில் குழந்தைக்கும் போய்ச் சேரும். செர்டோலிசுமாப் என்ற மருந்து மட்டும் அநேகமாகப் போவதில்லை. கர்ப்ப காலத்தில் ஊசி போட்டுக்கொண்டவர்கள் பிரசவ ஆஸ்பத்திரியில் கட்டாயம் சொல்லிவிடுங்கள். பிறந்ததும் போடும் பி.சி.ஜி. உயிருள்ள கிருமியால் செய்தது. அதைப் பொதுவாக 6 மாதமாவது தள்ளிப்போடச் சொல்வார்கள். போலியோ, ரோட்டா சொட்டு மருந்து பற்றியும் கேளுங்கள். மற்றத் தடுப்பூசிகளை நிறுத்த வேண்டியதில்லை.

ஊசியை ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம். போடுவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் எடுத்து வெளியே வைத்தால் வலி குறையும். காய்ச்சல், புண் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள்.

மாமியாரை அடுத்த முறை நான்தான் வற்புறுத்தி அழைத்துப் போனேன். டாக்டரம்மா உறை எதுவும் போடாமல் அவள் முழங்கையைத் தடவிப் பார்த்தபடியே பேசிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் பேசவில்லை.

இப்போது ஐப்பசி. அவளுக்குக் காலையில் விரல் மடங்குகிறது. முதுகும் தெளிந்து வருகிறது. முழங்கையில் இன்னும் கொஞ்சம் பாக்கி. போன வெள்ளிக்கிழமை தாம்பூலத்துக்குப் போயிருந்தேன். ஃபிரிட்ஜில் பால் பாத்திரத்தைத் தள்ளிவிட்டு ஊசி டப்பாவுக்கு இடம் பண்ணியிருந்தார் மாமியார். "கரண்டு போனா ஐஸ் வைக்கணுமா?" என்று என்னிடம் விசாரித்தார். கொல்லைப் பக்கம் போனபோது பார்த்தேன். தனிக் கொடியைக் காணோம். துண்டுகள் எல்லாம் ஒரே கொடியில் காய்ந்துகொண்டிருந்தன.