பகலில் கூலி, இரவில் பாட்டு: லாபம் யாருக்கு?

இசைக் கலைஞர்களின் "விசித்திரத் தொழில்கள்" என்று ஒரு வகைக் கட்டுரை அவ்வப்போது படங்களோடு வெளிவருகிறது. ஒருவர் டாக்சி ஓட்டினாராம். இன்னொருவர் கக்கூஸ் தொட்டி மாட்டினாராம். மற்றொருவர் தகரத் தொழிற்சாலையில் வேலை பார்த்தாராம். படிப்பவர்கள் "அடடா!" என்று வியக்க வேண்டும். முடிவில் உபதேசமும் உண்டு: "திறமை இருந்தால் எந்த வேலையும் தடையில்லை, உழைத்தால் உயரலாம்!"

இந்த உபதேசத்தை நாம் ஏற்கவில்லை. காரணத்தைச் சொல்லுகிறோம்.

விரும்பி இரண்டு காரியம் செய்தவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ருஷ்ய இசை மேதை பரோதின் ரசாயனப் பேராசிரியர். அமெரிக்காவின் சார்லஸ் ஐவ்ஸ் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பங்குதாரர். இவர்கள் வீட்டில் அடுப்பு எரிய இசை சம்பாதிக்க வேண்டியதில்லை. அப்படியிருந்தும் என்ன நடந்தது? "இளவரசன் ஈகோர்" என்ற இசை நாடகத்தைப் பரோதின் 1869இல் தொடங்கினார். 1887இல் இறந்தபோதும் அது முடியவில்லை. நண்பர்கள்தான் முடித்து வைத்தார்கள். பேராசிரியருக்கே நேரம் கிடைக்காமல் இந்தக் கதி என்றால், வயிற்றுப்பாட்டுக்காக மாடாய் உழைக்கிறவனின் கதி என்ன?

மிசிசிப்பி மாநிலத்துப் பருத்திப் பண்ணைக்குப் போவோம். அங்கே மடி வாட்டர்ஸ் என்ற கறுப்பின விவசாயத் தொழிலாளி டிராக்டர் ஓட்டினார். 1941இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காக ஒலிப்பதிவுக் கருவியோடு வந்து அவர் பாட்டைப் பதிவு செய்தார்கள். தலைநகரின் நூலகத்தில் வைத்துக் காக்கத் தகுந்த பாட்டு! பாடியவருக்குக் கூலி என்ன? மணிக்கு 22½ சென்ட். 1943இல் அவர் 25 சென்ட் கேட்டார். இரண்டரை சென்ட் உயர்வுக்குப் பண்ணை மேற்பார்வையாளன் சீறி விழுந்தான். நடவுக் கூலியில் நாலு காசு கூடக் கேட்டுப் பார்த்த நம் தோழர்களுக்கு இந்தச் சீற்றம் புதிதல்ல. மடி வாட்டர்ஸ் சிகாகோவுக்கு ரயில் ஏறினார். அங்கும் பகலில் ஆலை வேலை, லாரி ஓட்டும் வேலை, இரவில்தான் கித்தார். பிற்காலத்தில் உலகமே அவர் இசையைக் கேட்டது. ஆனால் அந்தப் பண்ணை அவரை வளர்த்ததா, விரட்டியதா?

அடுத்து எலிசபெத் காட்டன் அம்மையார். இவரும் கறுப்பினத்தவர். 1893இல் பிறந்தவர். சரக்கு ரயிலைப் பற்றி ஒரு பாட்டைச் சிறுமியாக இருந்தபோதே கட்டினார். வாழ்நாளில் பெரும்பகுதி பிறர் வீட்டில் சமைத்து, துணி துவைத்து, வீடு பெருக்கிப் பிழைத்தார். 1957இல் அந்தப் பாட்டு இங்கிலாந்தில் பட்டிதொட்டியெல்லாம் ஒலித்தது. இசைத்தட்டில் ஆசிரியர் என்று இருந்தவை வேறு பெயர்கள்! பின்னர் வழக்காடித்தான் அம்மையாரின் பெயரையும் சேர்க்க வைக்க வேண்டியிருந்தது. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்பார்கள். பாடியவர் கணக்கும் அதே கணக்குத்தான்.

ஆலைத் தோழர்களுக்கு ஒரு செய்தி. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் டோனி அயோமி என்ற பதினேழு வயது இளைஞன் தகரத் தொழிற்சாலையில் வேலை செய்தான். 1965இல் ஒரு நாள் வழக்கமாகப் பிரஸ் மெஷினில் நிற்கும் ஆள் வரவில்லை, இவனை நிறுத்தினார்கள். வலது கையில் இரண்டு விரல்களின் நுனியை மெஷின் தின்றுவிட்டது. அவன் இடது கைப் பழக்கமுள்ளவன். கித்தாரின் தந்திகளை அழுத்துவது அந்த வலது கைதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குக் குப்பி செய்து, தோல் ஒட்டி, மறுபடி வாசிக்கப் பழகினான். பிறகு "பிளாக் சாபத்" குழுவில் புகழ் பெற்றான். "விபத்தே வரமானது!" என்று எழுதுகிறார்கள். என்ன வரம் ஐயா? மெஷின் விரலைத்தான் தின்றது. இசை அவனுடைய விடாமுயற்சி. விரல் போய் வீடு திரும்பி, பெயர் தெரியாமல் போனவர்கள் எத்தனை பேர்? அவர்களைப் பற்றி எந்த வண்ணப் படமும் வருவதில்லை.

கக்கூஸ் தொட்டி மாட்டியவர் பில் விதர்ஸ். நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தவர். விமானங்களுக்கு அந்தத் தொட்டிகளைப் பொருத்தும் தொழிற்சாலையில் வேலை. 1971இல் முதல் இசைத்தட்டு வெளிவந்தபோது, சாப்பாட்டுப் பெட்டியும் கையுமாகத் தொழிற்சாலையில் நிற்கும் படத்தையே அதன் உறையில் போட்டார்கள். உடனே வேலையை விடவும் அவர் துணியவில்லை. இதை "அடக்கம்" என்று புகழ்கிறார்கள். நாம் இதைத் தொழிலாளியின் கணக்கு என்கிறோம். பாட்டுக் கம்பெனியின் பேச்சை நம்பி மாதச் சம்பளத்தை விடலாமா என்ற கணக்கு.

டாக்சி ஓட்டியவர் பிலிப் கிளாஸ். 1976இல் நியூயார்க்கின் மிகப் பெரிய இசை நாடக அரங்கில் அவர் படைப்பு அரங்கு நிறைந்து நடந்தது. கையில் மிஞ்சியது கடன். மீண்டும் டாக்சிக்குத்தான் போனார்.

"அதெல்லாம் பழைய கதை, இன்று யாரும் வீட்டிலிருந்தே உலகுக்குப் பாடலாம்" என்பார்கள். பாடலாம், பணம்? 2024 முதல் ஸ்பாட்டிஃபை கம்பெனி ஒரு விதி வைத்திருக்கிறது. பன்னிரண்டு மாதத்தில் 1,000 தடவைக்குக் குறைவாகக் கேட்கப்பட்ட பாட்டின் ஒலிப்பதிவுக்குப் பங்குத் தொகை கிடையாது! சின்னக் கலைஞன் பாட்டும் கடையில் இருக்கும். அவன் காசு மட்டும் பெரிய பாட்டுகளின் பங்கில் போய்ச் சேரும்.

தோழர்களே! கடல் கடந்த கதை என்று இதை ஒதுக்கிவிட வேண்டாம். பகலில் அண்டை வெட்டி, களை பறித்து, இரவில் பறை அடிக்கிறவர்கள் நம் ஊரில் இல்லையா? கல்யாணத்துக்குப் பந்தல்காரர் கூலி பேசுகிறார். மைக் செட்டுக்கு வாடகை உண்டு. சமையல்காரருக்கு முன்பணம் உண்டு. விடிய விடிய அடித்துக் கை வீங்கியவருக்கு மட்டும் "பார்த்துச் செய்வோம்"! போதாததற்குச் சாதியைச் சொல்லி, "இது உன் கடமை" என்ற அதட்டல் வேறு. 

"கலை புனிதமானது, அதில் கூலி பேசலாமா?" என்று கனவான்கள் கேட்கிறார்கள். புனிதமென்றால் அரங்கின் சொந்தக்காரரும், டிக்கெட் விற்கிறவரும், கம்பெனி முதலாளியும் இலவசமாகச் செய்யட்டுமே! அவர்களுக்கெல்லாம் வியாபாரம், வாசிக்கிறவனுக்கு மட்டும் பொழுதுபோக்கா?

ஆகவே நாம் சொல்லுகிறோம்: வாசிப்பதும் உழைப்பு. திருவிழாவோ, கல்யாணமோ, நம் சங்க மாநாடோ, மேளக்காரரை அழைக்கும்போதே கூலியைப் பேசுவோம். வேலை முடிந்த அன்றே கையில் கொடுப்போம். எல்லோருக்கும் போட்ட பந்தியிலேயே அவருக்கும் இலை போடுவோம். எட்டு மணி நேர வேலையும் வயிறாரக் கூலியும் கிடைத்தால், ஆலையிலும் வயலிலும் எத்தனை பாடகர்கள் இருக்கிறார்கள் என்பதை நாடு அப்போது கேட்கும்!