கூண்டுக்குள் ஒரு வில்லன்

"சார், அப்பாவுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கணும். கான்ட்ராஸ்ட் ஊசி போடணும், கையெழுத்துப் போடுங்கங்கறாங்க. போடலாமா?" என்று கேட்டார் ஆபீஸ் நண்பர்.

போடலாம். ஆனால் அந்த ஊசிக்குள் யார் இருக்கிறார் என்று தெரிந்துகொண்டு போடலாம் என்றேன்.

பெரும்பாலும் காடோலினியம். ஓர் உலோகம். ஃபின்லாந்து வேதியியல் நிபுணர் யோகான் காடோலின் நினைவாக வைத்த பெயர். இதன் அயனியில் 7 எலெக்ட்ரான்கள் ஜோடி கிடைக்காமல், திருவல்லிக்கேணி மேன்ஷன்வாசிகள் மாதிரி தனித்தனியாக நிற்கின்றன. அதனால் பலத்த காந்த குணம். பக்கத்தில் வரும் தண்ணீரின் ஹைட்ரஜனை உசுப்பிவிடும். ஸ்கேனில் அந்த இடம் பளிச்!

தனியாக விட்டால் ஆசாமி விஷம். கால்சியம் அயனியின் சைஸ்தான் இதுவும். அதன் சீட்டில் துண்டு போட்டு உட்கார்ந்து உடம்பின் வேலையைக் கெடுத்துவிடும். எனவே 'கீலேட்' என்ற மூலக்கூறுக் கூண்டில் அடைத்து அனுப்புகிறார்கள். கிரேக்கத்தில் நண்டின் கொடுக்கு என்று அர்த்தம். இந்த ரக மருந்துக்கு அமெரிக்காவில் முதல் அனுமதி 1988ல்.

இதில் உறுப்பின் உருவம் மட்டுமல்ல, உழைப்பும் தெரியும். கிட்னிக்குள் மருந்து வந்து போகிற வேகத்தை வைத்து அது வடிகட்டும் லட்சணத்தைக் கணக்கிடலாம். காடாக்ஸெடிக் அமிலம் என்று ஒன்று. நல்ல லிவர் செல்கள் அதில் சுமார் பாதியை இழுத்துப் பித்தத்தில் தள்ளிவிடும். 20 நிமிஷம் கழித்தும் ஒரு பகுதி இருட்டாக இருந்தால் டாக்டர் நெற்றியைச் சுருக்குவார்.

நல்ல கிட்னி என்றால் ஒரே நாளில் ஊசி மருந்து பெரும்பாலும் வெளியேறிவிடும். கிட்னி ரொம்பப் பழுது என்றால்? மருந்து உள்ளேயே சுற்றும், நண்டுப்பிடி தளரும், வில்லன் வெளியே. தோல் கல்லாக இறுகும் ஒரு வியாதிக்கும் இதற்கும் தொடர்பு இருப்பது 2006ல் தெரிந்தது. 2007ல் அமெரிக்கா கடும் எச்சரிக்கை அச்சிட வைத்தது. நல்ல கிட்னிக்காரர் மூளையிலும் துளித்துளி தங்குகிறது என்று தெரிந்ததும் (கெடுதல் நிரூபணமாகவில்லை), 2017ல் ஐரோப்பா பிடி தளர்ந்த திறந்த சங்கிலி ரகங்கள் பலவற்றை நிறுத்தியது. மூடிய வளைய ரகம் கெட்டியான கூண்டு.

ஆகவே கையெழுத்துக்கு முன் இரண்டே கேள்வி. ரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்தாச்சா? மருந்து வளையமா, சங்கிலியா?

ஃபாரத்திலேயே 'கிட்னி கோளாறு உண்டா?' என்று கேட்டிருப்பார்கள். நம் ஆட்கள்தான் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று டிக் அடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார்கள்!