கிணறு நைசீரியாவில், கயிறு எவர் கையில்?

நைசீரியா என்னும் பெயரே அந்நிலத்து மக்கள் இட்டதன்று. 1897-இல் ஓர் ஆங்கிலேய இதழாளர் அம்மையார் எழுதிய பெயர். 1914-இல் வெள்ளையர் தம் ஆட்சி எளிமைக்காக வடக்கையும் தெற்கையும் ஒன்றாகப் பிணைத்தனர். இருநூற்றுக்கு மேற்பட்ட இனங்கள், ஐந்நூறளவு மொழிகள், ஆட்சிமொழியோ இன்றளவும் ஆங்கிலம்! இவ்வாறு கட்டப்பட்ட கூட்டினுள்தான் 1956-இல், நைசர் ஆற்றுக் கழிமுகத்து ஒலோய்பிரி என்னும் சிற்றூரில், பிரித்தானிய ஒல்லாந்திய முதலாளிகளின் குழுமம் எண்ணெய் கண்டது.

அதுவரை வடக்கே கனோ நகரில் நிலக்கடலை மூட்டைகள் குன்றுகளைப்போல் அடுக்கப்பட்டிருந்தன. மேற்கே கொக்கோ, கிழக்கே எண்ணெய்ப்பனை. மூன்றும் உழவன் கைப்பட விளைந்தவை. அவனிடம் வரி வாங்கிய அரசு அவனுக்கு ஓரளவேனும் அஞ்சவும் வேண்டியிருந்தது. எண்ணெய்ப் பணம் வந்தபின் அவ்வச்சம் அற்றுப்போயிற்று.

1973-இல் அரபு-இசுரேல் போர் மூண்டது. பீப்பாய் என்று வழங்கும் மிடா ஒன்றுக்கு ஏறத்தாழ 3 தாலராயிருந்த விலை சில திங்களிலேயே 12 தாலரளவுக்கு ஏறிற்று. நைசீரியா உழைத்துப் பெற்ற உயர்வன்று. எங்கோ நடந்த போர் கொட்டிய பணம்! படையாட்சியினர் திகைத்தனர்; பின்னர்ச் செலவழிக்கத் தொடங்கினர். 1975-இல் இலாகோசுத் துறைமுகம் ஓராண்டில் இறக்கத்தக்க அளவைப்போற் பன்மடங்கு பைஞ்சுதையை வெளிநாடுகளில் வாங்கினர். நூற்றுக்கணக்கான கப்பல்கள் கடலில் திங்கட்கணக்கிற் காத்து நின்றன. நின்ற நாளுக்கெல்லாம் கூலி வேறு! மறுபுறம் வறட்சியும் புறக்கணிப்பும் சேர்ந்து கடலைக் குன்றுகளைக் கரைத்தன. பனையெண்ணெய் ஏற்றுமதியில் உலகில் முதலிடத்தில் இருந்த நாடு அதனையே இறக்குமதி செய்தது.

1986-இல் சவுதி அரபு நாடு உற்பத்தியைப் பெருக்கியதால் விலை 10 தாலரை ஒட்டி வீழ்ந்தது. ஏற்றுமதி வருவாயில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் எண்ணெயையே நம்பிய நாடு என்ன செய்யும்? பன்னாட்டுப் பணப் பொதியத்தின் கடன் வேண்டாமென்று 1985-இல் மக்கள் வெளிப்படையாக மறுத்தனர். ஆயினும் அப்பொதியத்தின் கட்டளைகளை ஒத்த திட்டத்தையே படையாட்சி மறு ஆண்டு மேற்கொண்டது. தாலருக்கு ஏறத்தாழ ஒன்றாயிருந்த நைரா, 1987-இல் நான்காயிற்று. 2024-இல் ஆயிரத்து நானூற்றையும் தாண்டிற்று.

விலை வீழ்ந்தால் துன்பம், அது விளங்குகிறது. விலை ஏறினாலும் துன்பமென்பதுதான் விந்தை. 2022-இல் உருசிய-உக்கிரைன் போரால் மிடா விலை 100 தாலரைக் கடந்தது. நைசீரியா பொலிந்திருக்க வேண்டும், பொலியவில்லை. அரசின் பண்படுத்தும் ஆலைகள் ஓயாப் பழுதில் முடங்கிக் கிடந்தன. பண்படா எண்ணெயை விற்ற நாடு, கன்னெயைக் கொள்ளை விலைக்கு வாங்கித் தன் மக்களுக்குக் குறைந்த விலையில் விற்றது. எண்ணெய் வருவாயை அவ்விழப்பே விழுங்கிற்று. 2023 மே இறுதியில் புதிய ஆட்சி அவ்வுதவியை அறுத்தது. ஏறத்தாழ 190 நைராவாயிருந்த ஓர் இலீற்றர் கன்னெய் சில நாளில் 500 நைரா அளவுக்குத் தாவியது. பேருந்துக் கட்டணமும் கிழங்கு விலையும் உடன் ஏறின. 2024-இல் இலாகோசு அருகே ஒரு பெருஞ்செல்வரின் மாபெரும் ஆலை இயங்கத் தொடங்கிற்று. எண்ணெய்க் கிணறுகள் நிறைந்த அந்நாட்டின் ஆலை, அமெரிக்காவிலிருந்தும் பண்படா எண்ணெயை இறக்க நேர்ந்தது!

இத்தனை ஆட்டத்திலும் கிணற்றுக்கு உரியவர் யாவர்? 1960-இல் எண்ணெய் வருவாயிற் பாதி, அது கிடைத்த மண்டிலத்துக்கே உரியதாயிருந்தது. பியாப்ராப் போரின்போது, 1969-இல், தரைக்கடியிலுள்ள எண்ணெய் முழுவதும் நடுவணரசின் உடைமையெனச் சட்டம் வந்தது. 1980-களில் மண்ணுக்குரியோர் பங்கு நூற்றுக்கு இரண்டினும் குறைந்தது. 1999-இன் அரசியற் சட்டம் அதைப் பதின்மூன்றாக்கியது. இடையில், தம் மக்களுக்காகக் குரலெழுப்பிய ஒகோனி இன எழுத்தாளர் கென் சாரோ-விவாவையும் எண்மரையும் படையாட்சி 1995 நவம்பர் 10-இல் தூக்கிலிட்டது. 2011-இல் ஒன்றிய நாடுகளின் சூழலியல் அமைப்பு ஒகோனி நிலத்தை ஆய்ந்தது. ஓரூர்க் குடிநீர்க் கிணறுகளில், புற்றுநோய் விளைக்கும் பென்சீன் ஏற்கத்தக்க அளவைப்போல் 900 மடங்குக்கு மேல் இருந்தது. அவ்வூரார் அந்நீரையே குடித்துக்கொண்டிருந்தனர்.