எங்கள் உவர் வயலில் ஒரு வரவையைத் தருகிறேன்

மதிப்புக்குரிய விவசாயப் பணிப்பாளர் நாயகம் அவர்களுக்கு,

சாகாமக் குளத்துத் தண்ணீரை நம்பி விதைக்கிறவர்களில் நானும் ஒருவன். மேல்வயலுக்குக் குறையில்லை. களப்புப் பக்கம் இறங்க இறங்க வாய்க்காலில் தண்ணீர் மெலியும், உவர் ஏறும். சிறுபோகத்தில் வயல் காய்ந்த கையோடு வரம்படியில் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும். நாற்றின் நுனி கருகும். தப்பிப் பிழைத்ததில் பாதி சப்பி.

மண்ணின் மின்கடத்துதிறன் மீற்றருக்கு 3 டெசிசீமன்ஸைத் தாண்டினாலே நெல் விளைச்சல் விழத் தொடங்கும் என்பதை உங்கள் திணைக்களம் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, நானும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏ.ரி. 354 போன்ற உவர் தாங்கும் இனம் ஓரளவு கைகொடுக்கிறது. அதற்கு மேலே நாங்கள் செய்வதெல்லாம் யூரியாவைக் கூட்டிப் போடுவதுதான். உப்பு வேரைத் தண்ணீர் குடிக்க விடாதபோது யூரியா என்ன செய்யும்?

உவர் மண்ணிலேயே பிழைத்திருக்கும் சில பற்றீரியாக்கள் உண்டு. உப்பில் தவிக்கும் பயிர் எதிலீன் என்ற வாயுவை மிகையாகச் சுரந்து தன் வேரைத் தானே குறுக்கிக்கொள்ளும். அந்த எதிலீனாக மாறவேண்டிய பொருளையே இந்தப் பற்றீரியாக்கள் தின்றுவிடும். தங்கள் வழவழப்பான பசையால் சோடியத்தையும் கொஞ்சம் பிடித்துவைக்கும்.

ஆனால் அவை உயிரோடு வயலுக்கு வந்து சேரவேண்டும். மூன்று போகத்துக்கு முன்னர் ஒரு கடையில் அப்படியான பற்றீரியாப் பொதி ஒன்று வாங்கினேன். கரித்தூள் மாதிரி இருந்தது. திகதி அழிந்துபோயிருந்தது. தகரக் கூரைக்குக் கீழே, புழுக்கத்தில் அடுக்கி வைத்திருந்தார்கள். விதைநெல்லில் கலந்து விதைத்தேன். போட்ட வரவைக்கும் போடாத வரவைக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. செத்ததைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

ஆகவேதான் பற்றீரியாவைக் கூட்டுக்குள் அடைத்துக் கொடுக்கும் முறையைக் கேட்கிறேன். கடற்பாசியிலிருந்து எடுக்கும் அல்ஜினேற்றுக் கரைசலில் பற்றீரியாவைக் கலந்து, கல்சியம் குளோரைட்டு நீரில் சொட்டுச் சொட்டாக விட்டால் சவ்வரிசி போல மணி மணியாக உறையும். அந்த மணி உள்ளிருக்கும் பற்றீரியாவுக்கு ஓரளவு காப்பாக இருக்கும். ஒரு சிக்கல் உண்டு: உவர் மண்ணில் சோடியம் கல்சியத்தைத் தள்ளிவிட்டு மணியை முன்கூட்டியே இளக்கிவிடும். அதைத் தடுக்க மணிக்கு மேலே கைற்றோசன் பூசுகிறார்கள். அது இறால் கோதிலிருந்து வருவது. எங்கள் கரையோரத்தில் இறால் கோதுக்கா பஞ்சம்?

கோழிக்கோட்டிலுள்ள நறுமணப்பயிர் ஆராய்ச்சி நிறுவனம் நுண்ணுயிரை மருந்துக்குளிசைக் கூட்டில் அடைத்து, சாதாரண அறை வெப்பத்திலேயே வைத்திருக்கும்படி செய்துவிட்டது. கர்னால் மண் உவர்மை நிறுவனத்தின் லக்னோ நிலையம் உப்பு தாங்கும் பற்றீரியாவைத் திரவமாகவே கொடுக்கிறது. நம் நாட்டிலும் ஹந்தானையில் பேராசிரியர் காமினி செனவிரத்னவின் குழு உயிர்ப்படலப் பசளை செய்து வயலுக்குக் கொண்டுவந்தது. தூரம் போக வேண்டியதில்லை. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது, வந்தாறுமூலையில் விவசாய பீடம் இருக்கிறது.

ஐயா, 2021இல் இரசாயனப் பசளையை ஒரே இரவில் நிறுத்தியபோது எங்களை யாரும் கேட்கவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த சேதனப் பசளையில் தீங்கான பற்றீரியா இருப்பதாக உங்கள் தாவரத் தொற்றுக்காப்புச் சேவையே கண்டுபிடித்தது. அதற்குப் பிறகு 'உயிர்ப்பசளை' என்றாலே இங்கே முகத்தைத் திருப்புகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆகவே விற்க வராதீர்கள், முதலில் பரீட்சித்துக் காட்டுங்கள்.

களப்புப் பக்கத்து வரவை ஒன்றை நான் தருகிறேன். மூன்று துண்டாகப் பிரியுங்கள்: ஒன்றில் வழமையான பசளை மட்டும், ஒன்றில் பற்றீரியாத் தூள், ஒன்றில் இந்த மண்ணிலேயே பிரித்தெடுத்த பற்றீரியாவை அடைத்த மணி. இரண்டு சிறுபோகம் பாருங்கள். யூரியாவை யாரும் நிறுத்த வேண்டாம். வடிகாலும் நல்ல தண்ணீரும் எங்களுக்கு அப்போதும் வேண்டும். பற்றீரியா அதற்கு மாற்றில்லை. விளைச்சல் குறைந்தாலும் கூடினாலும் கணக்கைத் தமிழில் எழுதி கமநல சேவை நிலையத்துச் சுவரில் ஒட்டுங்கள். கடைக்கு வரும் ஒவ்வொரு பொதியிலும் உயிருள்ள எண்ணிக்கையும் காலாவதித் திகதியும் இருக்கவேண்டும் என்று விதி செய்யுங்கள்.

சித்திரை விதைப்புக்கு முன்னர் ஓர் அலுவலரை மண் எடுக்க அனுப்பினால் போதும். வரம்பில் நான் நிற்பேன்.

இப்படிக்கு,
சாகாமத்து விவசாயி ஒருவன்