ஒரே பீடம்... நடுவே ஒரு சுவர்!

வேலூர் வெயிலில், பாகாயம் பக்கம் ஞாயிறு பூசைக்குப் போகிறவர்கள் கோயிலுக்குள் நுழைந்ததும் தேடுவது ஒன்றைத்தான்: ஃபேனுக்குக் கீழே இடம் இருக்கிறதா? தீர்த்தத்தில் விரலை நனைத்து, சிலுவை அடையாளம் போட்டு, காலியாக இருக்கும் இடத்தில் போய் உட்கார வேண்டியதுதான். முன்னால் பீடம், நற்கருணைப் பேழை, பக்கத்தில் சுரூபங்கள், நடுவில் ஒரு பாதை. எல்லாருக்கும் ஒரே கூடம்.

அதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். திருநெல்வேலி மாவட்டம் வடக்கன்குளத்தில், இந்த 'எல்லாருக்கும் ஒரே கூடம்' வருவதற்கு ஒரு சுவரை இடிக்க வேண்டியிருந்தது. இடித்த பிறகு அந்த விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது!

பணகுடி, காவல்கிணறு பக்கம் இருக்கும் வடக்கன்குளம், தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஊர். திருவிதாங்கூர் அரண்மனை அதிகாரியாக இருந்த நீலகண்ட பிள்ளை, 1745 மே 14 அன்று தேவசகாயமாக ஞானஸ்நானம் பெற்றது இங்கேதான். 1752-ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார். சாதி பாராமல் எல்லாரோடும் பழகியவர் என்று போற்றப்படுபவர் அவர். அவர் திருமுழுக்குப் பெற்ற ஊரிலேயே சாதிக்கு ஒரு சுவர் எழுந்ததுதான் வேதனை.

19-ம் நூற்றாண்டின் பின்பாதி. அந்தப் பகுதியில் பணியாற்றியவர்கள் இயேசு சபைக் குருக்கள். பங்கு வளர்ந்துகொண்டே இருக்கிறது, பெரிய கோயில் வேண்டும். ஆனால், பிள்ளைமாரும் முதலியாரும் ஒரு பக்கம், நாடார் உள்ளிட்ட மற்றவர்கள் இன்னொரு பக்கம். ஒரே கூரையின் கீழ் ஒன்றாக முழங்கால் போட முதல் தரப்பு தயாராக இல்லை.

தனித்தனிக் கோயில் கட்டிவிடலாமே என்றால், பங்கு ஒன்று, சாமியார் ஒருவர், பூசையும் ஒன்று. அந்தக் காலத்துப் பூசை முழுக்க லத்தீனில். குருவானவர் மக்களுக்கு முதுகைக் காட்டி, பீடத்தைப் பார்த்து நிற்பார். மொழி புரியாத மக்களுக்குப் பூசையின் உச்சம் என்பது, மணி அடித்ததும் அவர் உயர்த்தும் அப்பத்தைக் கண்ணால் பார்ப்பதுதான். ஆகவே பீடம் இரு தரப்புக்கும் தெரிய வேண்டும். ஆனால், இரு தரப்பும் ஒருவர் கண்ணில் மற்றவர் படக் கூடாது.

கொத்தனாருக்கு எப்படிப்பட்ட கணக்கு பாருங்கள்!

அதற்கும் ஒரு வரைபடம் போட்டார்கள். 1872 வாக்கில் எழுந்த கோயிலில் நீளமான கூடம் ஒன்றல்ல, இரண்டு. இரண்டும் தனித்தனியே கிளம்பி, சாய்வாக வந்து, ஒரே பீடத்தில் சேர்ந்தன. சிறுவர்கள் கையில் வைத்திருக்கும் உண்டிவில் கவட்டையை நினைத்துக்கொள்ளுங்கள்: பிடி இருக்கும் இடத்தில் பீடம், இரு கிளைகளிலும் மக்கள். விரித்துப்போட்ட கால்சட்டை மாதிரி இருக்கிறது என்று ஆங்கிலத்தில் எழுதியவர்கள் கேலி செய்தார்கள். பீடத்தில் நிற்பவருக்கு இரண்டு கூட்டமும் தெரியும். கூட்டத்துக்குப் பீடம் மட்டுமே தெரியும். நடுவே சுவர்.

கட்டடக்கலையாக மட்டும் பார்த்தால் கெட்டிக்காரத்தனம்தான். சிலுவை வடிவில் கோயில் கட்டிய மரபு, இங்கே மக்களைப் பிரிப்பதற்காக வடிவத்தையே வளைத்துக்கொண்டது. பல தலைமுறையாகப் பெஞ்சிலும் தெருவிலும் இருந்த பிரிவினையைச் செங்கல்லும் சுண்ணாம்புமாக்கி நிலைக்க வைத்தது.

இது எங்கிருந்து வந்தது? 1606-ல் மதுரைக்கு வந்த இத்தாலியக் குரு ராபர்ட் தெ நொபிலி, காவி உடுத்தி, சைவ உணவு உண்டு, சமஸ்கிருதமும் தமிழும் படித்துத் துறவிபோல வாழ்ந்தார். ஊர் வழக்கத்தைப் பகைக்காமல் மதத்தைச் சொல்லலாம் என்பது அவர் வழி. அதே வழியில் ஒரு நூற்றாண்டு கழித்து வந்தவர் வீரமாமுனிவர். விருத்தாசலம் பக்கம் கோனான்குப்பத்தில் அவர் கோயில் எழுப்பிய பெரியநாயகி மாதாவைப் பார்த்தால் அந்த வழியின் அழகு புரியும். மாதா அங்கே ஐரோப்பிய அங்கியில் இல்லை, நம்மூர்ப் பெண்ணாக, கையில் குழந்தையோடு நிற்கிறாள். தமிழ்நாட்டுக் கிறிஸ்தவக் கலையில் இதைவிட மனதுக்கு நெருக்கமான சுரூபத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

ஆனால், ஊர் வழக்கம் என்பது சேலையும் கோலமும் மட்டுமா? சாதியும் வழக்கம்தானே! எதை ஏற்பது, எதை மறுப்பது என்று சலிக்காமல் விட்டதில், மாதாவுக்குச் சேலை வந்த அதே வாசல் வழியாகக் கோயிலுக்குள் சுவரும் வந்துவிட்டது.

1910-ல் வடக்கன்குளத்துச் சுவரைத் திருச்சபையே இடித்தது. பிள்ளைமார், முதலியார் தரப்பு சும்மா இருக்கவில்லை. வழிபாட்டில் தனி இடம் தங்கள் உரிமை என்று நீதிமன்றத்துக்குப் போனார்கள். 'மைக்கேல் பிள்ளை எதிர் ஆயர் பார்த்' என்று சட்டப் புத்தகங்களில் இன்றைக்கும் இருக்கிறது அந்த வழக்கு. கீழ்க் கோர்ட்டில் தோற்று, உயர் நீதிமன்றத்துக்குப் போய் அங்கும் தோற்றார்கள். இந்துக் கோயில்களுக்குள் எல்லாரும் நுழைவதற்கான சட்டம் சென்னை மாகாணத்தில் வந்தது 1947-ல். அதற்கு முப்பது ஆண்டு முன்பே வந்த தீர்ப்பு இது.

சுவர் போன கதை அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கல்லறைகளைப் பிரித்து நின்ற சுவர், 2010-ல் போராட்டமானது. எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு கேட்ட பிரச்னை 2008 மார்ச்சில் மோதலாக வெடித்து, போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இருவர் இறந்தார்கள். தேவசகாயத்தைப் புனிதராக்கும்போது, பெயரோடு ஒட்டியிருந்த 'பிள்ளை'யை எடுக்கச் சொல்லி வத்திக்கானுக்குக் கோரிக்கை போக வேண்டியிருந்தது. எடுத்தார்கள்.

கும்பகோணம் மறைமாவட்டம் கோட்டப்பாளையம் பங்கைச் சேர்ந்த தலித் கத்தோலிக்கர்கள், திருவிழாவிலும் அடக்கச் சடங்குகளிலும் தங்களை ஒதுக்குகிறார்கள் என்று உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். 2025 பிப்ரவரியில் அந்த மனு மீது பதில் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது நீதிமன்றம்.