பிள்ளையின் பசிக்கு மழைக்காலம் உண்டா?

மரக்காணம் உப்பளங்களில் தை மாதம் பாத்தி மிதிக்கத் தொடங்குவார்கள். வெயில் ஏற ஏற உப்பு விளையும். ஆண்கள் பலகை போட்டு வாருவார்கள். பெண்கள் கூடை கூடையாகத் தலையில் சுமந்து கரையில் குவிப்பார்கள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் வேலை நின்றுவிடும். மறு தை பிறக்கும் வரை கூலி கிடையாது!

இப்படிப்பட்ட ஊரில் புருஷனும் பெண்சாதியும் பிரிந்தால் பிள்ளைக்குச் சோறு போட வேண்டியது யார்?

"அவளைத்தான் தீர்த்து விட்டேனே! இனி எனக்கென்ன பொறுப்பு?" என்பான் தகப்பன்.

அவளைத் தீர்த்து விட்டான், சரி. பிள்ளையைத் தீர்த்து விட்டது யார்? விவாகரத்து புருஷன்-மனைவி உறவை முறிக்கிறது. தகப்பன் கடமையை அது தொடுவதில்லை.

கைநாட்டு செல்லாது

ஊரில் நாலு பெரியவர்கள் கூடிப் பேசி முடிப்பதும் உண்டு. "பிள்ளையை நீயே வைத்துக்கொள். இனிமேல் காசு பணம் என்று வந்து நிற்காதே" என்று எழுதித் தாயிடம் கைநாட்டு வாங்கிவிடுவார்கள். அவளும் சண்டை ஓய்ந்தால் போதும் என்று வைத்துவிடுவாள். ஆனால் பிள்ளைக்கு உரியதை விட்டுக்கொடுக்கத் தாய்க்கு உரிமை இல்லை. அவள் தன் பங்கை விடலாம், மகளின் உரிமையை விட முடியாது என்று 2019-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறிவிட்டது.

முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவில் இருந்த ஜீவனாம்சம், 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தின் 144-வது பிரிவில் இருக்கிறது. எண்தான் மாறியது, கடமை மாறவில்லை. முறைப்படி கல்யாணம் ஆகாமல் பிறந்த பிள்ளைக்கும் அது பொருந்தும். 1973-ம் ஆண்டுச் சட்டத்தில் மாதம் 500 ரூபாய்க்கு மேல் கேட்க முடியாது. அந்த உச்சவரம்பு 2001-ல் நீக்கப்பட்டது.

கொடுக்காமல் ஏமாற்றினால்? ஜெயில் உண்டு. "ஜெயிலுக்குப் போய் வந்துவிட்டேன், கணக்கு தீர்ந்தது" என்று சொல்லவும் முடியாது! தமிழ்நாட்டுத் தாயும் மகனும் தொடுத்த ஒரு வழக்கில், ஜெயில் தண்டனை பாக்கியைத் தீர்க்காது என்று 2013-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது.

இருவருக்கும் ஒரே மழை

"மழைக்காலத்தில் வேலை இல்லை, எங்கே போவேன்?" என்று தகப்பன் கேட்பது பொய்யல்ல. அந்தக் கரையில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஆனால் உப்புக்கூடை சுமந்த தாய்க்கும் அதே நாளில்தான் கூலி நின்றது! அவள் பிள்ளையிடம் "தை வரட்டும், சோறு போடுகிறேன்" என்றா சொல்கிறாள்?

உடல் வலுவுள்ள ஆண் கூலி வேலை செய்தாவது பெண்சாதி பிள்ளையைக் காப்பாற்ற வேண்டும் என்று 2022-ல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. நல்ல வார்த்தைதான். ஆனால் உப்பளத்துக்கு அது மட்டும் போதாது, கணக்கும் வேண்டும். வெயில் மாதக் கூலியை எல்லாம் கூட்டிப் பன்னிரண்டு மாதத்துக்கும் பகிர்ந்து பார்த்துத்தான் தொகையை முடிவு செய்ய வேண்டும். உப்பு விளையும்போது சற்றுக் கூடுதலாகக் கொடுத்து வைத்தால், கார்த்திகையில் தகப்பன் கையை விரிக்க வேண்டியிராது. சம்பளச் சீட்டு இல்லாதவன் என்பதால் தப்ப முடியாது. வருமானத்தைப் பிரமாணப் பத்திரத்தில் எழுதிக் கொடுக்கும்படி 2020-ல் உத்தரவாகியிருக்கிறது. மனுப் போட்ட தேதியிலிருந்தே ஜீவனாம்சம் தர வேண்டும் என்பதும் அதே தீர்ப்புதான்.

உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் தரும் திட்டத்தை 2022-ல் தமிழக அரசு தொடங்கியது. குடும்பம் உடைந்திருந்தால் அந்தப் பணம் யார் கைக்குப் போவது நியாயம்? பிள்ளை எந்த வீட்டில் சாப்பிடுகிறதோ அந்த வீட்டுக்கு!

எப்போது மனுப் போடலாம்?

கோர்ட்டுக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும் என்றே பல தாய்மார்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமும் இராது. 1987-ம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், அரசே இலவசமாக வக்கீல் வைத்துத் தர வேண்டும். விழுப்புரத்தில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம். தகப்பன் எந்த ஊருக்குப் போயிருந்தாலும் சரி, தாய் குடியிருக்கும் பகுதியின் கோர்ட்டிலேயே மனுப் போடலாம்.

ஐப்பசியில் மனுப் போடுவது புத்திசாலித்தனம். உப்பள வேலை இல்லாததால் கூலி நஷ்டம் இல்லை. எதிர்த்தரப்புக்கு நோட்டீசு போய்ச் சேர்ந்த 60 நாளுக்குள், கூடியவரை, இடைக்கால ஜீவனாம்சத்தை முடிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். எல்லாம் ஒழுங்காக நடந்தால் தையில் பாத்தி மிதிக்க இறங்கும்போது உத்தரவு கையில் இருக்கும். அதற்குப் பிறகும் பணம் வராவிட்டால் வாரண்டு கேட்டு மனுக் கொடுக்கலாம். பாக்கி விழுந்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் அதைக் கொடுத்துவிட வேண்டும்.