பொரிப்புப் பெட்டி வாங்கப் போகிறீர்களா?

போன மாதம் தாராபுரத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு வாசகி கடிதம் எழுதியிருந்தார். கைக்குழந்தைக்காரி, வேலைக்குப் போக முடியாது. சீட்டுப் பணம் கையில் வந்ததும், 50 முட்டை பிடிக்கும் இன்குபேட்டர் ஒன்றை வாங்கிவிட்டார். நாட்டுக்கோழிக் குஞ்சு பொரித்து விற்றால் பால் செலவுக்காவது ஆகுமே என்ற எண்ணம். முதல் தடவை 30 முட்டை வைத்தாராம். பொரிந்தது நாலே நாலு! மீதி 26-ஐயும் கொல்லையில் உடைத்துப் பார்த்திருக்கிறார். 5 வெறும் முட்டை, 4 பாதியில் நின்றவை, 17 முழுக் குஞ்சாகி ஓட்டுக்குள்ளேயே செத்தவை.

"இவர் பெட்டியை வந்த விலைக்கு விற்றுவிடு என்கிறார். மாமியார் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது. இன்னொரு தடவை வைக்கலாமா அக்கா?" என்று முடித்திருந்தார்.

படித்ததும் எனக்குப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது. சிரிப்பு அவரை நினைத்து அல்ல, என்னை நினைத்துத்தான். 24 முட்டை வைத்து 3 குஞ்சு எடுத்த புண்ணியவதி நான்!

எங்கள் அத்தை, அதாவது என் மாமியார், கோழி வளர்ப்பில் பழம் தின்று கொட்டை போட்டவர். கூடையில் வைக்கோலைப் பரப்பி 11 முட்டைக்கு ஒரு கோழியை உட்கார வைத்தார். அதே நாளில் நான் கூடத்து ஜன்னலோரம் என் பெட்டியை வைத்து ஸ்விட்சைப் போட்டேன். 20-ஆம் நாள் பெட்டிக்குள்ளிருந்து 'கீச் கீச்' சத்தம் கேட்டதே, எனக்கும் குழந்தைகளுக்கும் தலைகால் புரியவில்லை. அரை மணிக்கு ஒரு தரம் மூடியைத் திறந்து பார்த்தோம். மூக்கு மட்டும் வெளியே தெரிந்த ஒரு குஞ்சுக்கு உதவுவதாக நினைத்து நானே ஓட்டை உரித்தேன். ரத்தம் கசிந்தது. சற்று நேரத்தில் தலை சாய்ந்துவிட்டது. மற்றவை ஓட்டைக் கொத்தியதோடு சரி. அத்தையின் கோழியோ 10 குஞ்சுகளோடு கொல்லையில் ராஜநடை போட்டது.

அத்தை கேலி பண்ணவில்லை. "அம்மிணி, உன்ற பெட்டி சூடு மட்டுந்தான் குடுக்குது. கோழி செய்யற மத்த வேலையெல்லாம் ஆரு செய்வாங்க? அது என்ன பண்ணுதுன்னு ஒரு நாளாச்சும் உக்காந்து பாத்தியா?" என்றார், அவ்வளவுதான்.

அடுத்த அடைக்கு நான் உட்கார்ந்து பார்த்தேன். கோழி மூக்காலும் காலாலும் முட்டையை ஓயாமல் நகர்த்தித் திருப்புகிறது. நாளுக்கு ஒரு தடவை எழுந்து போய்த் தின்று, தண்ணீர் குடித்துவிட்டு, சுமார் கால் மணியில் திரும்புகிறது. கடைசி இரண்டு மூன்று நாளில் மட்டும் பெரும்பாலும் எழுவதே இல்லை. இந்த மூன்று வேலைகளையும் மனதில் வைத்துக்கொண்டால் பெட்டி வாங்குவதும் சுலபம், நடத்துவதும் சுலபம்.

வாங்கும் முன்

முதலில் ஒரு கேள்வி. பெட்டி உங்களுக்குத் தேவையா? வீட்டு உபயோகத்துக்கு இரண்டு கோழி வைத்திருப்பவர்களுக்குக் கோழியே போதும். மின்சாரமும் வேண்டாம், கவலையும் வேண்டாம். ஆனால் நாட்டுக்கோழி பத்துப் பதினைந்து முட்டை இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். அடைக்கு 21 நாள், பிறகு குஞ்சுகளை மேய்க்க இரண்டு மூன்று மாதம், அதுவரை முட்டை கிடையாது. அடையைப் பெட்டிக்கு மாற்றினால் கோழி சீக்கிரமே மறுபடி முட்டைக்கு வரும். ஐந்தாறு கோழியும் ஒரு நல்ல சேவலும் இருந்து, குஞ்சு விற்க நினைப்பவர்களுக்குத்தான் பெட்டியால் லாபம்.

கடையில் கவனிக்க வேண்டியவை:

மின்விசிறி உள்ளதா? உள்ளே சின்ன விசிறி இருந்தால் சூடு எல்லா மூலைக்கும் ஒரே மாதிரி பரவும். விசிறி இல்லாத பெட்டி விலை மலிவு. ஆனால் மேலே ஒரு சூடு, கீழே ஒரு சூடு. புதிதாக ஆரம்பிப்பவர்கள் விசிறி உள்ளதையே வாங்குங்கள்.

முட்டையை யார் திருப்புவது? தானே திருப்பும் மோட்டார் வைத்தது கொஞ்சம் விலை கூடுதல். கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் காசைப் பார்க்காமல் இதை வாங்கலாம். பிள்ளை அழுதால் முட்டை ஞாபகம் யாருக்கு வரும்?

எத்தனை முட்டை? 50 என்றால் எந்த முட்டைக் கணக்கு என்று கேளுங்கள். காடை முட்டைக் கணக்காகவும் இருக்கலாம்! முதல் பெட்டிக்கு 25, 30 கோழி முட்டை பிடித்தால் போதும்.

ஜன்னலும் தண்ணீர்த் தொட்டியும். மூடியைத் திறக்காமல் உள்ளே பார்க்கக் கண்ணாடி வேண்டும். தண்ணீரை வெளியிலிருந்தே ஊற்ற வழி இருந்தால் இன்னும் உத்தமம். தெர்மாகோல் பெட்டி சூட்டை நன்றாகப் பிடித்து வைக்கும், ஆனால் கழுவுவது கஷ்டம். பிளாஸ்டிக் உட்புறம் கழுவச் சுலபம்.

மின்சாரம். 60 வாட் பெட்டி பாதி நேரம் எரிகிறது என்று வைத்துக்கொண்டால் 21 நாளைக்குச் சுமார் 15 யூனிட். அடிக்கடி கரண்ட் போகும் ஊரானால் பேட்டரியிலும் ஓடுமா என்று விசாரியுங்கள்.

எந்த முட்டை?

கடையில் விற்கும் வெள்ளை முட்டையை வைக்காதீர்கள். பண்ணையில் சேவல் சேர்க்காமல் எடுக்கிற முட்டை அது, பொரியவே பொரியாது. 8 முதல் 10 பெட்டைக்கு ஒரு சேவல் இருந்தால் கருக் கூடும்.

முட்டை இட்டு 7 நாளுக்குள் பெட்டிக்குப் போகவேண்டும். வெயில் காலத்தில் நாலைந்து நாளே அதிகம். ஃபிரிஜ்ஜில் வைக்கக் கூடாது, அந்தக் குளிர் கருவுக்கு ஆகாது. ஈர மணல் பரப்பிய மண்பானையின் மேல் வைக்கும் பழைய வழக்கமே நல்லது. கூர்முனை கீழே, அகன்ற பக்கம் மேலே. அகன்ற பக்கத்தில்தான் குஞ்சு முதல் மூச்சு விடும் காற்றறை இருக்கிறது. முட்டையைக் கழுவக் கூடாது. கழுவினால் ஓட்டின் மேலுள்ள இயற்கைப் பூச்சு போய்க் கிருமி உள்ளே நுழையும். அழுக்கு முட்டை, கீறல் முட்டை, ரொம்பப் பெரிசு, ரொம்பச் சிறிசு எல்லாம் சமையலுக்குப் போகட்டும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் வையுங்கள். தினம் ஒன்றிரண்டாகச் சேர்த்தால் கடைசியில் குழப்பம். காடைக்கு 17, 18 நாள், கோழிக்கு 21, வாத்துக்கு 28. இவற்றைக் கலக்கவும் வேண்டாம்.

தெர்மாமீட்டரை நம்பாதீர்கள்

நான் செய்த முதல் தப்பு இதுதான். பெட்டியோடு வந்த தெர்மாமீட்டர் ஒரு டிகிரி குறைத்துக் காட்டியது. சூடு கூடுதலாகப் போனதே எனக்குத் தெரியவில்லை. நீங்கள் முட்டை வைப்பதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு டம்ளரில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து, காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரையும் பெட்டியின் தெர்மாமீட்டர் முனையையும் சேர்த்து நனையுங்கள். இரண்டும் ஒன்றாகக் காட்டவேண்டும். வித்தியாசம் இருந்தால் எழுதி ஒட்டிவைத்து அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

விசிறி உள்ள பெட்டிக்கு 37.5 டிகிரி செல்சியஸ், அதாவது 99.5 ஃபாரன்ஹீட். விசிறி இல்லாவிட்டால் முட்டையின் மேல்மட்டத்தில் அளந்து 38.5. முட்டை வைக்கும் முன் ஒரு நாள் முழுக்கக் காலிப் பெட்டியை ஓடவிட்டுச் சூடு நிற்கிறதா என்று பாருங்கள். எகிப்தில் 2000 வருஷத்துக்கும் மேலாக மண் சூளைகளில் ஆயிரக்கணக்கில் குஞ்சு பொரித்து வந்திருக்கிறார்கள். தெர்மாமீட்டர் ஏது? முட்டையைக் கண் இமையில் ஒற்றிச் சூடு பார்ப்பார்களாம். நமக்கு அந்தப் பழக்கம் இல்லை, கருவிதான் கதி. அதனால் கருவி சரியாக இருக்கவேண்டும்.

பெட்டியை வெயில் விழும் ஜன்னல், அடுப்பங்கரை, ஃபேன் காற்று இவற்றுக்கு எட்ட வையுங்கள்.

18 நாள் வரை

கையால் திருப்புகிறவர்கள் முட்டையின் ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறு பக்கம் வட்டம் என்று பென்சிலால் போடுங்கள். நாளைக்கு 3 அல்லது 5 தடவை திருப்பவேண்டும். ஒற்றைப்படையாகத் திருப்பினால், நேற்று ராத்திரி கீழே இருந்த பக்கம் இன்று ராத்திரி மேலே வரும். திருப்பாவிட்டால் கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும், முக்கியமாக முதல் வாரத்தில்.

ஈரப்பதம் 50 முதல் 55 சதவீதம். தண்ணீர் எவ்வளவு ஆழம் என்பது கணக்கில்லை, எவ்வளவு அகலம் என்பதுதான் கணக்கு. இதைச் சோதிக்கச் சமையலறைத் தராசே போதும். 5 முட்டையை அடையாளம் வைத்து முதல் நாள் நிறுத்து எழுதுங்கள். நீர் ஆவியாகிப் போவதால் 18-ஆம் நாளுக்குள் எடையில் 12 சதவீதம் போல் குறையவேண்டும். 225 கிராம் இருந்தது 198-க்குப் பக்கத்தில் வந்தால் சரி. அவ்வளவு குறையாவிட்டால் ஈரம் அதிகம், மேலும் குறைந்தால் ஈரம் போதாது.

7-ஆம் நாள் ராத்திரி விளக்கை அணைத்து, செல்போன் டார்ச்சில் முட்டையை வைத்துப் பாருங்கள். சிலந்தி மாதிரி சிவப்பு நரம்பு ஓடினால் குஞ்சு வளர்கிறது. தெளிவாகத் தெரிந்தால் கரு இல்லை. ரத்த வளையம் மட்டும் தெரிந்தால் கரு நின்றுவிட்டது. இந்த இரண்டையும் எடுத்துவிடவேண்டும். கூமுட்டை உள்ளே வெடித்தால் நாற்றத்தோடு மற்றவையும் கெடும்.

கரண்ட் போனால் பதறாதீர்கள். கோழியும்தான் எழுந்து போய் வருகிறதே. மூடியைத் திறக்காமல், காற்றுத் துளை அடைபடாமல் ஒரு கம்பளியைச் சுற்றிவிடுங்கள். ஒன்றிரண்டு மணி நேரம் தாங்கும். சூடு குறைவதைவிடக் கூடுவதுதான் பெரிய ஆபத்து.

கடைசி மூன்று நாள்

18-ஆம் நாள் திருப்புவதை நிறுத்துங்கள். ஈரத்தை 65, 70-க்கு ஏற்றுங்கள். வெந்நீரில் நனைத்த ஸ்பாஞ்சு ஒன்றை வைத்தாலே ஏறிவிடும். காற்றுத் துளைகளைத் திறந்துவிட்டு மூடியைச் சாத்துங்கள். பிறகு தொடாதீர்கள்!

குஞ்சு ஓட்டில் முதல் ஓட்டை போட்டபின் முழுக்க வெளியே வர 12 முதல் 24 மணி நேரம் ஆகும். சும்மா கிடப்பதாக நமக்குத் தோன்றும். அந்த நேரத்தில்தான் அது ரத்த நாளங்களில் உள்ள ரத்தத்தையும் மீதி மஞ்சள் கருவையும் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. மூடியைத் திறந்தால் ஈரம் பறந்து, உள்சவ்வு காய்ந்து குஞ்சை இறுக்கிவிடும். பொரிந்த குஞ்சுக்குப் பசிக்குமே என்று தவிக்க வேண்டாம். அந்த மஞ்சள் கரு ஒரு நாளுக்கு மேலேயே தாங்கும். இறகு உலர்ந்து பஞ்சு மாதிரி ஆனபின் எல்லாவற்றையும் சேர்த்து எடுங்கள்.

எடுத்ததும் முதலில் தண்ணீர், பிறகு குஞ்சுத் தீவனம். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடுங்கள், முழுகிச் சாகாது. பல்பு கட்டிய அடைப்பில் முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைக்கலாம். குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று குவிந்தால் குளிர், பல்பை விட்டு ஓடினால் சூடு. முதல் வாரத்திலேயே ராணிகெட் நோய்க்கான சொட்டு மருந்து விடவேண்டும். கால்நடை மருந்தகத்தில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

தாய்மார்களுக்கு

குஞ்சு பார்க்க அழகு. ஆனால் அதன் எச்சத்தில் சால்மோனெல்லா என்ற வயிற்றுப்போக்குக் கிருமி இருக்கலாம். 5 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகள் அதைக் கையாளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய பிள்ளைகளும் முத்தம் கொடுக்கக் கூடாது. தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவவேண்டும். குஞ்சுத் தட்டைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். பெட்டிக்குள் தண்ணீர் ஊற்றும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஊற்றுங்கள், மறக்காமல் திரும்பச் செருகுங்கள்.

இனி, கடிதம் எழுதிய சகோதரிக்கு. உங்கள் கணக்கைத் திரும்பப் பாருங்கள். 30 முட்டையில் 5-தான் வெறும் முட்டை, ஆகவே சேவல்மேல் குறை இல்லை. 4-தான் பாதியில் நின்றன. பொரிந்த 4-ஐயும் சேர்த்தால் 21 குஞ்சுகள் கடைசிவரை வளர்ந்திருக்கின்றன! நீங்கள் கோட்டைவிட்டது பெரும்பாலும் கடைசி மூன்று நாளில்தான். என்னைப்போல் மூடியைத் திறந்து திறந்து பார்த்தீர்களோ? தெர்மாமீட்டரைச் சோதித்துவிட்டு இன்னொரு தடவை தாராளமாக வையுங்கள். பெட்டியை விற்க வேண்டாம்.

18-ஆம் நாள் காலையில் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பாயைப் போட்டு, மாமியாரை உட்காரச் சொல்லிக் காவலுக்கு வையுங்கள். எங்கள் அத்தை அப்படித்தான் உட்கார்ந்தார். மூடிப் பக்கம் கை போனால் ஒரு அதட்டல்! அந்த ஈட்டில் கருக் கூடிய 20 முட்டையில் 16 குஞ்சு பொரிந்தது.